மூன்று நாள், நான்கு நாள் முறை

ஆசிரியருக்கு,

பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், எங்கள் நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று ஒரு முறை உண்டு. இரு தரப்பும் ஒரே நாளில் இறங்கினால், விசைப்படகில் சிக்கி அறுந்து எங்கள் வலை மிஞ்சாது. அந்தச் சண்டை முற்றித்தான் இந்த ஏற்பாடே வந்தது. ஏட்டில் இன்னும் இருக்கிறது. கடலில்?

போன மாதம் இரவில் விட்ட நண்டு வலையை விடியலில் எடுக்கப் போனேன். மிதவை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது, கீழே அறுந்த கயிறு. அன்று எங்கள் முறை நாள். மனு கொடுத்தால் படகு எண் கேட்கிறார்கள். சரி, இருட்டில் எண்ணா தெரியும்?

பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்கும் இடத்தைப் பாடு முறையில் மீனவர்களே சுழற்சியாகப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். கேரளம் 2017-இல் கடல் மீன்பிடிச் சட்டத்தைத் திருத்தி, ஊர், மாவட்டம், மாநிலம் என்று மூன்று நிலையிலும் மேலாண்மைக் குழுவுக்கு வழி செய்தது. குழு அமைத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்லவில்லை. எங்கள் ஊர்க் கூட்டத்திலும் சத்தமாகப் பேசுகிறவர் சொல்வதுதான் எடுபடும். மீன் விற்கும் பெண்களை யாரும் கூப்பிடுவதே இல்லை.

இங்கும் அப்படி ஒரு குழு வரட்டும். நாட்டுப்படகு, விசைப்படகு, மீன் விற்கும் பெண்கள் மூவரும் அதிகாரியோடு உட்காரட்டும். முறை மீறினால் அபராதம் எவ்வளவு, அறுந்த வலைக்கு யார் பணம் தருவது என்று முதல் கூட்டத்திலேயே எழுதிவிடலாம்.

நாட்டுப்படகு மீனவர் ஒருவர்,
ராமநாதபுரம் மாவட்டம்