திறப்பு யாரிடம் இருக்கிறது? பழைய மாணவர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலைப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களுக்கும், லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருக்கும் அவற்றின் கிளைகளுக்கும்,

வணக்கம். நான் எந்தச் சங்கத்திலும் பதவியில் இல்லை. சந்தாகூட ஒழுங்காகக் கட்டாதவன். நகரத்தில் ரேடியோ, டிவி திருத்தும் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். போன வருடம் என் கடை மேசைக்கு வந்து சேர்ந்த ஒரு தொலைநோக்கிதான் இந்த மடலை எழுத வைத்தது.

பாடசாலையின் பெயர் வேண்டாம். அங்கே வேலை செய்யும் ஒருவர் ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். "ஐயா, இது பழுதாம். பாத்துத் தாங்கோ" என்றார். ரேடியோ திருத்துகிறவன் எதையும் திருத்துவான் என்பது ஊரின் நம்பிக்கை. கிரைண்டர்கூட வரும். குழாயைக் கழற்றிப் பார்த்தேன். ஆறு அங்குல ஆடி, நல்ல சாமான். அதன் மேல் பூஞ்சணம் சிலந்தி வலை மாதிரி படர்ந்திருந்தது. இரண்டு கண்வில்லைகளில் ஒன்றைக் காணவில்லை. வெளிப்பக்கத்தில் அன்பளித்தவர்களின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு மட்டும் நேற்று ஒட்டியது போல மினுங்கியது.

என்ன பழுது என்று கேட்டேன். "திறப்பு விழாவண்டு பகல் பதினொரு மணிக்கு வெளியில எடுத்தது. முன்வீட்டுத் தண்ணித் தாங்கியைப் பாத்திச்சினம். தலைகீழாத் தெரிஞ்சுது. அதான் பழுதெண்டு அலுமாரியில வைச்சுப் பூட்டிட்டினம்."

நியூட்டன் வகைத் தொலைநோக்கி எல்லாம் தலைகீழாகத்தான் காட்டும். சனிக்கிரகத்துக்குத் தலை எது கால் எது என்று யாரும் கேட்பதில்லை என்பதால் அதை நிமிர்த்தும் வேலையை எவரும் செய்வதில்லை. இதைச் சொல்ல அன்று அங்கே ஒரு ஆள் இருந்திருந்தால் போதும், அந்தக் கருவி பூட்டுக்குள் போயிருக்காது. உங்களை நான் குறை சொல்லவில்லை. மனம் வைத்து, கப்பல் கூலியும் கட்டி அனுப்பியிருக்கிறீர்கள். ஆனால் கடற்காற்று அடிக்கிற எங்கள் ஊரில், கண்ணாடிச் சாமானுக்குப் பூட்டிய மர அலுமாரியை விட மோசமான இடம் இல்லை. அடிக்கடி வெளியே எடுத்துப் பார்க்கிற வில்லையில் பூஞ்சணம் அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

அடுத்த முறை நீங்கள் பணம் சேர்க்கும்போது அது எதற்குப் போகவேண்டும் என்று ஒரு யோசனை சொல்லத்தான் எழுதுகிறேன். வரவேற்பு வளைவும் ஸ்கோர் போர்ட்டும் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அவற்றோடு இதையும் ஒருக்கால் பாருங்கள்.

முதலில் நம் வானம். திருகோணமலை பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் இரவு நிலாவெளிக் கடற்கரையில் நின்றால் வடக்கே அடிவானத்துக்குச் சற்று மேலே துருவ நட்சத்திரம் தெரியும், நீட்டிய கையின் ஒரு முட்டி உயரம்கூட இருக்காது. அதே இடத்தில் நின்று தெற்கே திரும்பினால் திரிசங்கு என்கிற தெற்குச் சிலுவை. லண்டன் கிளையில் இருப்பவர்களுக்குச் சிலுவை தெரியாது, சிட்னிக் கிளைக்குத் துருவம் தெரியாது. எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டும் ஒரே இரவில் கிடைக்கிறது. மாரி முடிந்து, தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் வானம் பெரும்பாலும் துடைத்துவிட்டது போல இருக்கும். டிசம்பர் நடுவில் விழும் மிதுன விண்கற்களை மேகம் மறைத்துவிடும் என்றாலும், வைகாசிக்குச் சற்று முன், மே 5, 6ஆம் திகதிகளில் விடியப்புறம் விழுகிறவை இருக்கின்றன. ஹேலி வால்நட்சத்திரம் விட்டுப்போன தூசு அது. லண்டன் மாதிரித் தூர வடக்கில் இருப்பவர்களை விட எங்களுக்கே அது நன்றாகத் தெரியும்.

இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. என்னிடம் பல காலமாக இருப்பது ஒரு 10x50 பைனாகுலர். ஒரு ஆவணி இரவு டச் பே கடற்கரையில் அதைத் தடியொன்றில் கட்டி வியாழனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருக்கடலூர்ப் பக்கத்துக் கடற்றொழிலாளி ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். வியாழனுக்குப் பக்கத்தில் நான்கு புள்ளிகள், கலிலியோ 1610இல் பார்த்த அதே நான்கு நிலாக்கள். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அடுத்த நாள் இரவு திரும்ப வந்தார். பார்த்தார். "தம்பி, ஒண்டைக் காணேல்லை" என்றார், நான் எங்கேயோ தொலைத்துவிட்டது போல. அது வியாழனின் பின்னால் போயிருந்தது. மூன்றாம் நாளும் வந்தார். கடலில் வெள்ளி பார்த்து வழிபிடித்த ஆள். எண்ணிப் பார்க்கிற பழக்கம் அவரிடம் முன்பே இருந்தது. பாடசாலைப் பிள்ளைக்கு நான் ஊட்ட விரும்புவதும் அந்த இரண்டாம் நாள் வருகையைத்தான்.

இப்போது வானொலிக்கு வருகிறேன். என் சொந்தப் பைத்தியம் அதுதான், கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் ஐம்பது தாண்டியவர்களுக்கு இரவில் சிற்றலையில் பிபிசி தமிழோசை கேட்ட ஞாபகம் இருக்கும். 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு அந்த ஒலிபரப்பு நின்றது. அப்பா முள்ளைத் திருகும்போது நிலையங்களுக்கு நடுவே வாத்துக் கத்துவது போல ஒரு குரல் வந்து போகும். ஏதோ இரைச்சல் என்று அப்பா தாண்டிப் போவார். எனக்கு அந்த வாத்துக் குரலில்தான் கண். பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, உலகத்தின் வேறு மூலையில் யாரோ ஒரு தனி மனிதர் தன் வீட்டு அறையிலிருந்து இன்னொரு தனி மனிதரோடு பேசிக்கொண்டிருந்தார் என்று. ஒற்றைப் பக்கப்பட்டை என்று ஒரு முறை. சாதாரண ரேடியோவில் அது வாத்தாகத்தான் கேட்கும்.

இதுதான் அமெச்சூர் வானொலி, ஹாம் ரேடியோ என்பார்கள். பரீட்சை எழுதி, உரிமம் பெற்று, உங்களுக்கென்று ஒரு அழைப்புக்குறியோடு பேசுவது. வியாபாரம் பேசக்கூடாது, பாட்டுப் போடக்கூடாது. இலங்கையின் அழைப்புக்குறி 4எஸ் என்று தொடங்கும். உரிமம் தருவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. நாட்டில் ஹாம்களுக்கு 1950இலிருந்து ஒரு சங்கமும் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் இது ஏன் வளரவில்லை என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். முற்றத்தில் நீளக் கம்பி கட்டினால் என்ன அர்த்தம் என்று ஒரு காலம் இருந்தது, உங்களுக்கே தெரியும். நான் போர் முடிந்த பிறகு, நாற்பது தாண்டிய வயதில்தான் பரீட்சை எழுதினேன். இரவு ரயிலில் கொழும்புக்குப் போய், ஆங்கிலப் புத்தகத்தை மடியில் வைத்து மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.

வானொலிக்கு எங்கள் ஊர் புதிதும் இல்லை. ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி ஆசியா முழுவதற்கும் அஞ்சல் செய்த நிலையம் இந்த மாவட்டத்தில்தான் இருந்தது. இன்னொன்று. எங்களுடைய அதே அகலக்கோட்டில், அந்தப் பக்கம் கேரளத்தில் இருப்பது தும்பா. 1963 நவம்பர் 21இல் இந்தியா முதல் ரொக்கெட்டை அங்கிருந்து விட்டதற்குக் காரணம், பூமியின் காந்த நடுக்கோடு அதற்குப் பக்கத்தால் போவது. எங்களுக்கும் அது பக்கம்தான். அதனால் எங்கள் தலைக்கு மேலே இருக்கும் அயனமண்டலம், அதாவது சிற்றலையைத் திருப்பிப் பூமிக்கு அனுப்பும் உயரத்துக் காற்றுப் படலம், ஒரு விசித்திரமான பேர்வழி. மாலை மயங்கிய பிறகு தூரத்துக் குரல்கள் சில நாள் தண்ணீருக்கடியில் இருந்து வருவது போல நடுங்கும். சூரியனில் கரும்புள்ளி கூடினால் பத்து வாட்டில் ஐரோப்பா கேட்கும், குறைந்தால் கத்தினாலும் போகாது. சூரியனுக்கு ஏறத்தாழ 11 வருடத்துக்கு ஒரு சுற்று என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி இருக்கும். அதைக் காதால் கேட்கலாம் என்று எந்தப் பிள்ளைக்கும் யாரும் சொல்வதில்லை.

வானமும் வானொலியும் ஒரே பொழுதுபோக்கின் இரண்டு கைகள் என்றுதான் எனக்குப் படுகிறது. குரோட் ரெபர் என்ற அமெரிக்க ஹாம் ஒருவர் 1937இல் தன் வீட்டு வளவில் ஒன்பதரை மீற்றர் அகலத்தில் தட்டு ஏரியல் கட்டிப் பால்வீதியின் இரைச்சலைப் பதிந்தார். அயலவர்கள் என்ன நினைத்தார்களோ. வியாழனும் ஏறத்தாழ 20 மெகாஹேர்ட்ஸ் பக்கத்தில் சிலவேளை கடல் அலை போல இரையும், கட்டிய கம்பியிலேயே கேட்கலாம். சர்வதேச விண்வெளி நிலையம் எங்களுக்கு மேலால் போகும்போது 145.800 மெகாஹேர்ட்ஸில் வரும் சத்தத்தைக் கைக்கருவியில் பிடிக்கலாம். அங்கிருக்கும் விண்வெளி வீரர்களோடு பாடசாலைப் பிள்ளைகள் ஹாம் ரேடியோவில் நேரடியாகப் பேசுவதற்கென்றே உலகளாவிய திட்டம் ஒன்று பல வருடமாக நடக்கிறது.

ஆதர் சி. கிளாக்கை நீங்கள் எல்லாரும் பேச்சுப்போட்டியில் சொல்லியிருப்பீர்கள். 1945இல் புவிநிலைச் செயற்கைக்கோள், அதாவது பூமியோடு சேர்ந்து சுற்றி ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும் கோள், பற்றிக் கட்டுரை எழுதியவர், பிறகு சுவாமி மலைக்கு அடியில் சுழியோடி, கடலுக்குள் கிடந்த கோணேசர் கோவில் இடிபாடுகளைப் பார்த்தவர். அவர் சொன்ன அதே உயரத்தில் 2018 நவம்பரில் ஏவிய கட்டார் நாட்டுச் செயற்கைக்கோள் ஒன்றில் ஹாம்களுக்கென்றே ஒரு கருவி இருக்கிறது. இங்கிருந்து மேற்கே, அடிவானத்திலிருந்து சுமார் 26 பாகை உயரத்தில், இரவும் பகலும் அசையாமல் நிற்கிறது. கூரையில் இருக்கும் டிவி தட்டைத் திருப்பி, அதற்கேற்ற கேட்கும் கருவியை மாட்டினால் ஆபிரிக்காவும் ஐரோப்பாவும் பேசுவது கேட்கும். 2019 ஜூன் 17இல் இலங்கையின் முதல் சின்னச் செயற்கைக்கோள் விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே விடப்பட்டது. ஒரு கிலோ பாரம் வரும், பெயர் இராவணா 1. ஹாம்களின் அலைவரிசையில்தான் சத்தம் கொடுத்தது. இராவணன் வெட்டு இருக்கிற ஊர் இது. எங்கள் பாடசாலை ஒன்றிலாவது ஒரு பிள்ளை அதைக் கேட்டிருந்தால் எனக்கு ஒரு சொல் சொல்லுங்கள்.

சுனாமியை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற இந்தியப் பெண்ணின் தலைமையில் ஒரு ஹாம் குழு, பொழுதுபோக்குக்காகத்தான், அந்தமானில் நிலையம் போட்டிருந்தது. 26ஆம் திகதி தொலைபேசிகள் செத்தபோது போர்ட் பிளேயரிலிருந்து பெருநிலத்துக்குச் செய்தி போனது அவர்கள் மூலம். வங்காள விரிகுடாவின் அந்தக் கரை அது. இந்தக் கரையில் நாங்கள் என்ன வைத்திருந்தோம்?

சரி, காசு விஷயம். என் கணக்கு இப்படி.

பெரிய தொலைநோக்கி வேண்டாம். இரண்டு பைனாகுலர், ஆறு அங்குலத்தில் எளிய தாங்கியோடு ஒன்று, காற்றுப் போகாத பெட்டி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல். வானொலிக்கு முதலில் கேட்கும் கருவி மட்டும், கூடவே 7 மெகாஹேர்ட்ஸுக்கு இரண்டு தென்னைக்கு நடுவே இருபது மீற்றர் கம்பி. அனுப்பும் கருவி உரிமம் வந்த பிறகு. வெளிநாட்டிலிருந்து வரும்போது சூட்கேஸில் வாக்கி டாக்கி போட்டுக்கொண்டு வந்து பரிசளிக்க வேண்டாம், தயவு செய்து. கடற்படைத் தளம் இருக்கும் ஊர் இது, கடிதம் எழுதி அனுமதி எடுத்துத்தான் எதையும் செய்யவேண்டும். அந்த வேலையை நான் பார்க்கிறேன்.

மிச்சக் காசு முழுவதும் ஆட்களுக்கும் இரவுகளுக்கும். மாதம் இரண்டு இரவு போதும். இங்கே ஒரு வேடிக்கை: போயாவுக்கு நாடே விடுமுறை, ஆனால் அன்று முழுநிலா, நட்சத்திரம் பார்க்க அதைவிட உதவாத இரவு கிடையாது. அமாவாசைக்கு விடுமுறை இல்லை, ரியூசன் இருக்கும். ஆகவே போயா அன்று வானொலி, அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை வானம். இரண்டு ஆசிரியர்களுக்கு ஒரு படி, தேநீர், அப்புறம் பெண் பிள்ளைகளை வீட்டில் கொண்டுபோய் விட ஓட்டோக் காசு. சிரிக்காதீர்கள், முழுத் திட்டமும் இந்த ஓட்டோக் காசில்தான் நிற்கிறது. அது இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் அங்கே பெடியன்கள் மட்டும்தான் இருப்பார்கள், அதுவும் யாருடைய அப்பாவிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறதோ அவர்கள். உங்கள் கமிட்டிகளில் இதை வெட்டத்தான் முதலில் கை போகும். தகட்டில் பெயர் பொறிக்க ஓட்டோவில் இடமில்லை என்பது எனக்கும் விளங்குகிறது.

ஒரே பாடசாலைக்கு என்றும் வேண்டாம். இந்துக் கல்லூரி, மெதடிஸ்த, முஸ்லிம் பாடசாலை, கிண்ணியா, மூதூர் என்று பிரிந்தால் ஒவ்வொன்றிலும் ஒரு அலுமாரிதான் மிஞ்சும். சேர்ந்து ஒரு இடம், ஒரு கம்பி, மூன்று திறப்பு. ஒன்று அதிபரிடம், ஒன்று ஆசிரியரிடம், ஒன்று உயர்தரம் படிக்கிற ஒரு பிள்ளையிடம். முதல் வருடம் ஐந்து பிள்ளைகள் ஹாம் உரிமத்துக்கான தொடக்கநிலைப் பரீட்சையில் தேறினால் எனக்குப் போதும். பாடத்தைத் தமிழில் எழுதித்தர நான் தயார், பாதி எழுதியும் வைத்திருக்கிறேன். கூலி வேண்டாம்.

அந்தத் தொலைநோக்கி? ஆடியை வடிகட்டிய தண்ணீரில் ஊறவிட்டுக் கழுவினேன். பூஞ்சணம் தின்ற தழும்பு கொஞ்சம் இருக்கிறது, பார்வையைக் கெடுக்கவில்லை. காணாமல் போன கண்வில்லைக்குப் பதிலாக ஒரு பழைய பைனாகுலரிலிருந்து கழற்றிப் போட்டிருக்கிறேன். வேலை முடிந்தது என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன், எடுத்துப் போக இன்னும் யாரும் வரவில்லை. அலுமாரித் திறப்பு தொலைந்துவிட்டது என்று சொல்கிறார்கள். அதுவரை ஒவ்வொரு அமாவாசைச் சனியும் ஏழு மணிக்கு மேல் அது டச் பே கடற்கரையில், கச்சான் விற்கிறவரின் வண்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும். பித்தளைத் தகட்டை இருட்டில் வாசிக்க முடியாது, ரோச் கொண்டுவாருங்கள். சிவப்புக் கடதாசி சுற்றிக் கொண்டுவந்தால் நல்லது.

இப்படிக்கு,
சந்தா பாக்கி வைத்திருக்கும் ஒரு பழைய மாணவன்
திருகோணமலை