திருத்துவதற்கு முன் கேட்போம்

ஆசிரியருக்கு வணக்கம்.

தமிழக அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், எட்டு வயதுக்குள் குழந்தைகள் பொருள் உணர்ந்து படிக்க வேண்டும் என்பதை இலக்காகக் கொண்டது. வீட்டிலோ, 247 எழுத்துகளையும் பிழையின்றி ஒப்பித்த பிறகே கதைப் புத்தகம் என்று பெற்றோர் பலர் பிடிவாதம் பிடிக்கிறார்கள், நானும் பிடித்தவள்தான்.

குழந்தை உரக்கப் படிக்கையில் ழகரம் ளகரமாக ஒலித்த நொடியே குறுக்கிட்டால், அது கதையை விட்டுவிட்டு நம் முகத்தைப் படிக்கத் தொடங்கிவிடுகிறது. வாக்கியம் முடியும்வரை பொறுத்திருந்து, பொருளைக் கெடுக்கும் பிழையை மட்டும் திருத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று ஆவலோடு கேட்டாலே போதும். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும், சமைத்துக்கொண்டே பிள்ளை படிப்பதைக் கேட்கலாம். பேருந்தின் ஊர்ப் பலகையையும் மளிகைச் சீட்டையும் படிக்கச் சொல்லலாம். தமக்குத் தெரிந்த விடுகதையைச் சொல்லி எழுதவைத்து, அதையே திரும்பப் படிக்கச் சொல்லலாம்.

புத்தக விலை ஒரு தடைதான். ஆனால், சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்துகிற நாம், அருகிலுள்ள கிளை நூலகத்தில் பிள்ளையை உறுப்பினராக்கி, புத்தகத்தை அதுவே தேர்ந்தெடுக்க விடலாம். ஒரே படக்கதையை மூன்றாம் முறை எடுத்துவந்தாலும் சலித்துக்கொள்ள வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநெல்வேலி.