பட்டியல் இருந்தால்தான் கட்டு கிடைக்கும்: சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, காப்பகப் பணியில் இருக்கும் நண்பர்களே, வாசிப்பறைக்கு வந்து பழகி நம்மோடு சேர்ந்துவிட்ட ஆய்வாளர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் நிறைவேற்றினோம். கண்காட்சி, கருத்தரங்கு என்று புதிதாக எதையும் தொடங்குவதற்கு முன், தேங்கிக் கிடக்கும் விவரப்பட்டியல் வேலையை முடிக்கக் காப்பகத்துக்குத் துணை நிற்பது என்பதே அது. ஆண்டு முழுவதும் அதைத்தான் செய்தோம். வெளியாருக்குக் காட்டுவதற்கு அதில் பெரிதாக ஒன்றுமில்லை என்று சிலர் குறைப்பட்டார்கள். எனக்கு அந்தக் குறை இல்லை. அரசுப் பதிவு ஒன்று காப்பகத்துக்குள் பத்திரமாக இருந்தும், எந்தத் தாங்கியில் எந்தக் கட்டில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை என்றால், தேடி வருகிறவருக்கு அது இல்லாத பதிவுதான்.

அலுவலகம் ஒன்று இடம் மாறியபோது அதன் பழைய பதிவறைக் கட்டுகள் மொத்தமாகக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தன. ஒப்படைப்புப் பட்டியல் இல்லை. ஈரம் ஏறிய தரையில் நெடுநாள் கிடந்தவை. சணல் கயிறு அறுத்து ஓரங்கள் கிழிந்திருந்தன. ராமபாணப் பூச்சி அரித்த தடம் பல தாள்களில் இருந்தது. காப்பாளர்கள் மேற்பார்வையில் நம் உறுப்பினர்கள் விடுமுறை நாள்களில் முதற்கட்டப் பிரிப்புக்கு உட்கார்ந்தார்கள். பணி ஓய்வு பெற்ற பதிவறை எழுத்தர்கள் சிலர் வந்தது பெரிய பலம். எண்ணின் வாலில் உள்ள ஓர் எழுத்தைப் பார்த்தே எந்தப் பிரிவின் கோப்பு என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

தொடக்கத்திலேயே ஒரு விவாதம் எழுந்தது. தண்ணீர், நிலம், சுகாதாரம் என்று பொருள் வாரியாகப் பிரித்து அடுக்கினால் ஆய்வாளர்களுக்கு வசதிதானே என்று இளைய உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அன்றைக்குப் பிரித்த ஒரு கோப்பே அதற்குப் பதில் சொன்னது. வாய்க்கால் பழுதுபார்ப்பு பற்றிய கோப்பு அது. அடியில் ஊர்க்காரர்களின் மனு. அதன்மேல் எழுத்தரின் குறிப்பு, குறிப்பின் ஓரத்தில் மேலதிகாரி வேறு மையில் எழுதிய இரண்டு வரி, அப்புறம் ஆணையின் வரைவு, கடைசியாகச் சுத்தப் பிரதி. வேலையாட்களின் கூலி பாக்கியைப் பற்றி வரைவில் ஒரு வாக்கியம் எழுதி, அடித்திருந்தார்கள். சுத்தப் பிரதியில் அந்த வாக்கியம் இல்லை. வெளியே போன ஆணையை மட்டும் படிப்பவருக்குக் கூலிப் பிரச்சினை என்று ஒன்று இருந்ததே தெரியாது. மனுக்களை ஒரு பக்கமும் ஆணைகளை ஒரு பக்கமும் எடுத்து அடுக்கியிருந்தால் அந்த அடித்தல் யாருடையது, எதற்கு என்ற தொடர்பு அறுந்துபோயிருக்கும். தவிர, இந்தக் கோப்பைத் தண்ணீரில் வைப்பதா, கூலியில் வைப்பதா?

எந்த அலுவலகத்தில் உருவானதோ அந்தத் தொகுதியாகவே பதிவுகளை வைத்திருக்க வேண்டும், வேறு அலுவலகத்தினுடையதோடு கலக்கக் கூடாது என்ற விதியை 1841-இல் பிரான்ஸ் அரசு சுற்றறிக்கையாகவே அனுப்பியது. அலுவலகம் அடுக்கிய வரிசையையும் கலைக்கக் கூடாது என்பது அதை ஒட்டி வளர்ந்த நெறி. இன்றைக்கும் உலகக் காப்பகங்கள் இந்த இரண்டின் மேல்தான் நடக்கின்றன. ஆகவே, தாங்கியில் பழைய வரிசை, பட்டியலின் பின்னால் பொருளடைவு என்று முடிவானது. அடைவில் அந்த வாய்க்கால் கோப்பு தண்ணீரிலும் வரும், கூலியிலும் வரும். கேள்வி கேட்ட உறுப்பினர்தான் இப்போது அடைவுக்குப் பொறுப்பாளர். மிகுந்த ஈடுபாட்டோடு செய்கிறார்.

துரு ஏறிய குண்டூசிகளையும் ஸ்டேப்ளர் பின்களையும் எடுக்க எல்லோரும் பழகிக்கொண்டோம். இழுக்கக் கூடாது. தாளுக்கும் ஊசிக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, துருவை மெதுவாக நெகிழவிட்டு, ஊசியைத் தாளிலிருந்து தூக்க வேண்டும். அவசரப்பட்டால் ஊசியோடு எழுத்தும் வந்துவிடும். கிழிசலுக்குச் செல்லோடேப் கூடவே கூடாது. அதன் பசை நாளடைவில் பழுப்பேறித் தாளுக்குள் இறங்கிவிடும். ஜப்பானிய மென்தாளும் மாவுப் பசையுமே வழி. தேவையானால் பின்னொரு காலத்தில் ஈரம் காட்டிப் பிரித்துவிடலாம். கடந்த நூற்றாண்டின் நடுவில் செல்லுலோஸ் அசிட்டேட் படலம் வைத்து லேமினேஷன் செய்வதைப் பல நாட்டுக் காப்பகங்கள் நம்பிக்கையோடு கைக்கொண்டன. இன்று அந்தத் தாள்களைப் பிரித்தெடுப்பதே பெரும் பாடாக இருக்கிறது. அதனால்தான் திரும்பப் பெற முடியாத எதையும் ஆவணத்துக்குச் செய்யாதீர்கள் என்று காப்பாளர்கள் ஓயாமல் சொல்கிறார்கள்.

சர்வதேச ஆவணக் காப்பக அவை 1948 ஜூன் 9-இல் அமைந்ததை ஒட்டி ஆண்டுதோறும் அந்த நாள் ஆவணக் காப்பக நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்றைய நமது கூட்டத்தில் இரண்டு தீ விபத்துகளைப் பற்றி உரைகள் இருந்தன.

முதலாவது டப்ளின். 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், அயர்லாந்தின் பொதுப் பதிவகம் வெடிப்பிலும் தீயிலும் அழிந்தது. ஏழு நூற்றாண்டுப் பதிவுகள் அதோடு போயின. 1821 முதல் 1851 வரையான மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பகுதி அந்தத் தீயில்தான் எரிந்தது. ஆனால் 1861 முதல் 1891 வரையானவை அதற்கு முன்பே இல்லை. அவற்றை எந்தத் தீயும் தொடவில்லை. அரசே ஆணையிட்டு அழித்தது. இதைக் கேட்டபோது அரங்கில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

அந்தப் பதிவகத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் வுட், அங்கே என்னென்ன இருக்கிறது என்று 1919-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டிருந்தார். எரிந்தது எது என்பதை இன்று நாம் தெளிவாக அறிவது அதனால்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு, மற்ற காப்பகங்களில் தங்கிய படிகளையும் நகல்களையும் தேடிச் சேர்த்து, அழிந்த பதிவகத்தை இணையத்தில் மீட்டுருவாக்கி 2022-இல் திறந்தார்கள்.

இரண்டாவது, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ். 1973 ஜூலை 12 அன்று பிடித்த தீயில் படைவீரர்களின் பணிக்கோப்புகள் 1.6 கோடி முதல் 1.8 கோடி வரை அழிந்தன. நகல் இல்லை, மைக்ரோஃபிலிம் இல்லை, அடைவும் இல்லை. ஆகவே எந்த வீரரின் கோப்பு போனது, எது தப்பியது என்பதையே ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்க வேண்டியதாயிற்று. சம்பளச் சீட்டு போன்ற வேறு பதிவுகளிலிருந்து ஒருவரின் பணிக்காலத்தை மீட்டெடுக்கும் வேலை அங்கே இன்னமும் நடக்கிறது. ஓய்வூதியம், மருத்துவ உதவி, இறுதி மரியாதை எல்லாம் அந்தத் தாளை நம்பித்தான் இருக்கின்றன. டப்ளினில் பட்டியல் இருந்தது, செயின்ட் லூயிஸில் இல்லை. நம் தீர்மானத்தை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது.

கழிவு செய்வது பற்றியும் சொல்ல வேண்டும். காப்பகம் என்றால் எல்லாவற்றையும் வைத்திருக்கும் இடம் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம், கூட்டாட்சி அரசின் ஆவணங்களில் 1 முதல் 3 சதவீதம் மட்டுமே நிரந்தரமாக வைக்கத்தக்கவை என்கிறது. மிச்சம் உரிய காலம் முடிந்ததும் அழிக்கப்பட வேண்டியவைதான். ஆனால் எதை அழித்தோம், யார் ஒப்புதலோடு, எந்த விதியின்படி என்ற அழிப்புப் பட்டியல் என்றென்றும் இருக்க வேண்டும். மேற்சொன்ன அலுவலகத்திலிருந்து வந்த கட்டுகளில் சில ஆண்டுகளுக்கான வரிசை எண்கள் விட்டுப்போயிருக்கின்றன. அவை முறைப்படி அழிக்கப்பட்டவையா, காணாமல் போனவையா என்று சொல்லும் ஒரு தாள்கூட இல்லை. எழுதிக் கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை. மறுபடியும் எழுதுவோம்.

வாசிப்பறையில் முதல்முறை வருகிறவர்களுக்கு உதவ உறுப்பினர்கள் முறைவைத்து உட்கார்ந்தார்கள். எங்கள் தாத்தா பெயர் இருக்கிறதா என்று கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். பெயரை வைத்துத் தேட முடியாது; அவர் எந்த ஊரில், எந்த ஆண்டில், எந்த அலுவலகத்தோடு தொடர்பு கொண்டிருப்பார் என்று யோசித்துத் தேட வேண்டும் என்பதை எடுத்துச் சொல்வதே பாதி உதவி. தனிமனிதர்களின் அந்தரங்க விவரம் உள்ள கோப்புகள் குறிப்பிட்ட காலம் மூடியே இருக்கும் என்றால் சிலருக்கு வருத்தம். விதியைக் காரணத்தோடு விளக்கினால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள். அதே சமயம், காலம் முடிந்தும் திறக்கப்படாத கோப்புகளைத் திறக்கச் சொல்லிக் கேட்பதும் நம் கடமை. அரசுப் பதிவுகள் குடிமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று புரட்சிக்கால பிரான்ஸ் 1794-இலேயே சட்டம் போட்டது. அந்த உரிமையை நாம் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை.

ஸ்கேன் செய்யும் பணி நிதானமாக நடக்கிறது. ஸ்கேன் ஆகிவிட்டதே, மூலத்தை எதற்கு வைத்திருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நம் பதில் ஒன்றே: மூலம் இருக்கத்தான் வேண்டும். கோப்பு வடிவம் மாறும், வட்டு பழுதாகும், தாளின் பின்பக்கத்தில் எழுதியதை எடுக்க விட்டிருப்பார்கள். ஒவ்வொரு படத்துக்கும் சரிபார்ப்புத் தொகை (கோப்பு மாறியிருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கும் எண்) கணக்கிட்டு, பிரதிகளை வேறு வேறு இடங்களில் வைத்து, அவ்வப்போது ஒப்பிட்டுப் பார்க்கவும் காப்பாளர்கள் ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் தனியே வைப்பார். செயற்குழு ஒழுங்காகக் கூடியது.

வரும் ஆண்டில் பொருளடைவை முடித்து வாசிப்பறையில் வைப்பது, விட்டுப்போன வரிசை எண்கள் குறித்து அந்த அலுவலகத்துக்கு மீண்டும் எழுதுவது, வெள்ளத்திலும் தீயிலும் முதலில் எந்தத் தாங்கிகளைக் காப்பாற்றுவது என்ற வரிசையைக் காப்பாளர்களோடு உட்கார்ந்து எழுதி முடிப்பது ஆகிய மூன்றையும் செயற்குழு முன்வைக்கிறது. பட்டியலின் இரண்டாம் படி கட்டடத்துக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்