பாடலிபுத்திரத்துப் பள்ளியைத் தேடுங்கள்: தொல்லியல் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூர்க்காரன். எங்கள் மாவட்டத்து மருங்கூரில் உங்கள் துறை அகழாய்வு தொடங்கியபோது மிகவும் சந்தோஷப்பட்டேன். அந்த அக்கறை எங்கள் ஊர் மண்ணுக்கும் வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

பாடலீஸ்வரர் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு அப்பர் கதை தெரியும். சமணத்தை விட்டுச் சைவத்துக்கு வந்ததற்காக மன்னனின் ஆட்கள் அவரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளினார்கள். 'சொற்றுணை வேதியன்' பாடி மிதந்து கரையேறினார். இங்கே வந்து 'ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய்' என்று உருகினார். அதற்கு முந்தைய கதையை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. தருமசேனர் என்ற பெயரில் அவர் சமணர்களுக்குத் தலைவராக விளங்கியது பாடலிபுத்திரத்துப் பள்ளியில், அதாவது அங்கிருந்த சமணத் துறவிகளின் மடத்தில். அந்தப் பாடலிபுத்திரம் எங்கள் ஊர்தான் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள்.

பள்ளியின் பெருமை அப்பருக்கும் முந்தியது. 'லோகவிபாகம்' என்ற உலக அமைப்பு நூலை சர்வநந்தி என்ற சமண முனிவர் பாடலிகை என்ற ஊரில் எழுதினார். பாடலிகை என்பதும் எங்கள் ஊர்தான் என்று கொள்கிறார்கள். நூலின் இறுதியிலேயே காலம் இருக்கிறது: சக ஆண்டு 380, காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டு. அதாவது கி.பி. 458. பல்லவர் காலவரிசையைக் கணிக்க வரலாற்று ஆசிரியர்களுக்கு இது பெரிய பிடிமானம். பிராகிருத மூலம் போய்விட்டது. சிம்மசூரி செய்த வடமொழி வடிவம் மிஞ்சியிருக்கிறது. அதில் ஓர் எண்ணை இப்படிச் சொல்கிறார்கள்: ஐந்து சூனியம், அப்புறம் இரண்டு, ஏழு, வானம், ஒன்று, மூன்று, ஒன்று. வானம் என்றாலும் சுழியம்தான். வலமிருந்து இடமாக எழுதிப் பாருங்கள், 1,310 கோடியே 72 லட்சம் வரும்! சுழியத்தின் வரலாற்றைப் பேசும்போது அறிஞர்கள் எடுத்துக்காட்டும் வரி இது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பள்ளிக்கு என்ன ஆனது என்பதைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் ஒளிக்காமல் சொல்கிறார். சைவத்துக்கு மாறிய காடவ (பல்லவ) மன்னன் பாடலிபுத்திரத்துப் பள்ளியையும் பாழிகளையும் (துறவிகளின் உறைவிடங்களையும்) இடித்துக் கொண்டுபோய், திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற சிவன் கோயிலை எடுத்தான். குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மண்டகப்பட்டுக் குடைவரைக் கோயிலில் கல்வெட்டு வைத்தவனும் அவனே. அப்படியானால் அதுவரை கட்டடங்கள் செங்கல்லாலும் மரத்தாலுமே எழுந்தன. எங்கள் பள்ளியும் அப்படித்தான் இருந்திருக்கும். மேலே இருந்ததைப் பெயர்த்து எடுத்துப் போயிருந்தாலும் அடித்தளச் செங்கல் வரிசையும் ஓட்டுச் சில்லுகளும் மண்ணுக்குள் கிடக்க வாய்ப்பு உண்டு.

நான் தேவாரம் ஓதும் வீட்டில் பிறந்தவன். சமணப் பள்ளியைத் தேடுவது சைவத்துக்கு இழுக்கு என்று யாராவது சொன்னால் ஏற்கமாட்டேன். திலகவதியாரின் தம்பியான அப்பர் படித்து, வாதிட்டு, வளர்ந்த இடம் அது.

இன்று திருப்பாதிரிப்புலியூரில் காலிமனை அரிதாகிவிட்டது. பழைய ஓட்டு வீடு போய் அடுக்குமாடி வருகிறது. ஜேசிபி அரை நாளில் பத்தடி பறித்து, மண்ணை லாரியில் ஏற்றி அனுப்பிவிடுகிறது. அதில் என்ன போனது என்று யாரும் பார்ப்பதில்லை. உடனே பெரிய அகழாய்வு வேண்டும் என்று கேட்கவில்லை. முதலில் கெடிலம் ஆற்றங்கரையிலிருந்து கோயில் வரை, தோண்டாமல் நிலத்தின் மேல் கிடப்பதைப் பார்க்கும் ஒரு மேற்பரப்பாய்வு நடத்துங்கள். மாநகராட்சியோடு பேசி, ஆழமாகத் தோண்டும் இடங்களை உங்கள் அலுவலர் ஒருவர் பார்வையிட ஏற்பாடு செய்யுங்கள்.

சிலைகளையும் கணக்கெடுக்க வேண்டும். இந்த வட்டாரத்தில் சமணர் வணங்கும் தீர்த்தங்கரர் சிலைகளை மக்கள் புத்தர் என்றும் முனி என்றும் நினைத்து வணங்குவதுண்டு. தலைக்கு மேல் முக்குடை (மூன்றடுக்குக் குடை), ஆடையில்லாத உடல், மடிமேல் வைத்த கைகள்: இவற்றைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஊரார் வழிபடுவதைப் பிடுங்க வேண்டாம். படமெடுத்துப் பதிவு செய்து, பக்கத்தில் பெயர்ப்பலகை வைத்தால் போதும். கேட்பாரற்றுக் கிடப்பவற்றைக் கடலூர் அரசு அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவரலாம்.

மழைக்காலம் தொடங்கினால் கெடிலக்கரையில் நடக்க முடியாது. அதற்கு முன் ஒரு குழுவை அனுப்புங்கள். எந்தத் தெருவில் எப்போது தோண்டினார்கள் என்று தெரிந்த பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு கூடவே வர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
திருப்பாதிரிப்புலியூர்வாசி ஒருவன்