நடுவில் ஒரு டீலர் எதற்கு?

கோவென்ட்ரி, இங்கிலாந்து

அன்புள்ள செந்தில்,

உன் கடிதம் கிடைத்தது. அப்பா முழங்கால் ஆபரேஷன் முடிந்து நடக்க ஆரம்பித்துவிட்டார் என்று படித்ததும்தான் எனக்கு உயிர் வந்தது. மாடி ரூமுக்குப் போகிறேன் என்று அடம் பிடிப்பார், விட்டுவிடாதே. ஒர்க்‌ஷாப்பில் இரண்டாவது லிப்ட் போட்டதும் நல்ல செய்தி. பீளமேட்டில் அந்த வாடகைக்கு இவ்வளவு தூரம் வந்ததே பெரிய விஷயம்டா. இங்கே எல்லோரும் சௌக்கியம். மீனாவுக்கு நைட் ஷிப்ட் ஒருவழியாக முடிந்தது. பெரியவனுக்கு இந்த வருஷம் பரீட்சை, வீட்டில் டிவி சத்தமே கிடையாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வண்டி வந்துவிட்டது. மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 6, ஜி.எஸ்.ஆர்., 1999 மாடல், வெள்ளை. திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-லிருந்து போட்ட நம்ம ஊர் லான்சரும் இதுவும் ஒரே தலைமுறை உடம்பு. எத்தனை லான்சரை நீ பிரித்து மாட்டியிருப்பாய்! கதவையும் கூரையையும் பார்த்தால் அதே சாயல்தான். ஆனால் நம்ம ஊரில் ஒன்றரை லிட்டர் பெட்ரோல் இன்ஜின் உட்கார்ந்திருந்த இடத்தில் இதில் 4ஜி63 இருக்கிறது: இரண்டு லிட்டர் டர்போ, நாலு சக்கரத்துக்கும் டிரைவ், 280 குதிரைத்திறன். அந்தக் காலத்தில் ஜப்பான் கம்பெனிகள் 280-ஐத் தாண்ட மாட்டோம் என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள், 2004 வரை. டொம்மி மாக்கினன் 1996-லிருந்து 1999 வரை வரிசையாக நாலு உலக ரேலி பட்டத்தை அடித்தது இந்த எவல்யூஷன் வம்சத்தில்தான். ஹாஸ்டல் சுவரில் நாம் ஒட்டி வைத்திருந்த சிவப்பு வண்டி ஞாபகம் இருக்கிறதா? அதே வம்சம்தான்.

போட்டோ பார்த்ததும் நீ கேட்ட கேள்வி நியாயமானது. ஜப்பானில் ஏலத்தில் நேராக எடுக்க இன்று எத்தனையோ வழி இருக்கும்போது, நடுவில் ஒரு டீலருக்கு எதற்குக் காசு கொடுத்தாய்? இதற்குப் பதில் கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படி.

ஜப்பானில் பழைய வண்டி பெரும்பாலும் ஏலக் கூடத்தில்தான் கை மாறும். யு.எஸ்.எஸ். என்ற ஏலக் கம்பெனி அங்கே பெரிய பெயர். சிபா மாகாணத்தில் நோடா என்ற ஊரில் இருக்கிற அவர்களுடைய டோக்கியோ கூடத்தில் வாராவாரம் வியாழக்கிழமை ஏலம். ஆயிரக்கணக்கில் வண்டி வரும். ஒரு வண்டிக்குக் கிடைப்பது சில விநாடிதான். பட்டனை அழுத்தினால் விலை ஏறும், அவ்வளவுதான் வியாபாரம். வண்டியைத் திறந்து பார்க்கவோ ஓட்டிப் பார்க்கவோ அந்த நேரத்தில் வழியில்லை. உன் கையில் இருப்பது ஏலக் கூடத்து இன்ஸ்பெக்டர் எழுதிய ஒரே ஒரு தாள்.

அந்தத் தாள் ஒரு அருமையான விஷயம். மேல் மூலையில் வண்டிக்கு மார்க்: இந்த வயசு வண்டிக்கு 3.5, 4 என்றால் நல்லது, 4.5 என்றால் அபூர்வம். அடிபட்டு முக்கியமான இடத்தில் ரிப்பேர் ஆகியிருந்தால் எண்ணுக்குப் பதில் 'ஆர்'. உள்பக்கத்துக்கு ஏ, பி, சி என்று தனி மார்க். கீழே வண்டியின் படம், அதன்மேல் சின்னச் சின்ன குறிகள். ஏ என்றால் கீறல், யு என்றால் நசுங்கல், டபிள்யூ என்றால் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்த இடம், எஸ் என்றால் துரு, இரண்டு எக்ஸ் என்றால் அந்தத் தகடே மாற்றப்பட்டது. பக்கத்தில் 1, 2, 3 என்று அளவு. அப்புறம் ஓரத்தில் இன்ஸ்பெக்டர் கையால் ஜப்பான் மொழியில் கிறுக்கிய இரண்டு மூன்று வரி. அந்த வரிகளில்தான் எல்லாம் இருக்கிறது. மார்க்கைப் பார்த்து மயங்கியவன் அந்த வரிகளைப் படிக்காமல் விட்டால் போச்சு. "அடிப்பக்கம் துரு" என்பது அங்கேதான் எழுதியிருக்கும்.

முதலில் ஒரு இடத்தில் ஒரு நீல எவல்யூஷன் 5 பார்த்தேன். பெயர் வேண்டாம். விளம்பரத்தில் 4.5 மார்க் என்று போட்டிருந்தார்கள். தாளைக் காட்டுங்கள் என்றால் போனில் ஒரு மங்கலான படம். சேசிஸ் நம்பர் இருக்கிற மூலை மட்டும் வெட்டப்பட்டிருந்தது. வண்டியைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கப் புத்தம்புது கறுப்பு கோட்டிங். நீயே சொல், 25 வருஷம் ஓடிய வண்டிக்கு அடியில் நேற்று அடித்த கறுப்பு எதற்கு? ஒரிஜினல் தாளும் ஜப்பானில் பதிவை ரத்து செய்த சான்றிதழும் வேண்டும் என்றேன். தேடிப் பார்க்கிறோம் என்றார்கள். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கடைசியில் நான் வாங்கியது ஒரு சின்ன தொழிற்பேட்டையில் ஜப்பான் டர்போ வண்டி மட்டுமே விற்கிற ஒருவரிடம். ஷோரூம் பளபளப்பெல்லாம் இல்லை. உன் ஒர்க்‌ஷாப் மாதிரி கிரீஸ் வாசனை. அவர் செய்த முதல் வேலை, வண்டியை லிப்டில் ஏற்றி என் கையில் ஒரு டார்ச்சையும் மொக்கையான ஸ்க்ரூ டிரைவரையும் கொடுத்தது. "எங்கே வேண்டுமானாலும் குத்திப் பாருங்கள், ஓட்டை விழுந்தால் என் பொறுப்பு" என்றார். கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பு, பின் சக்கரத்துக்கு உள்பக்க வளைவு, சஸ்பென்ஷன் ஸ்டிரட் உட்காரும் மேல் தட்டு, பின்னால் சப்ஃபிரேம் சேசிஸில் மாட்டுகிற இடம் என்று ஒவ்வொன்றையும் அவரே காட்டினார். வலது பின் வளைவின் மடிப்பில் பழுப்பாக ஒரு விரல் நீளத்துக்குத் துரு. நான் பார்ப்பதற்கு முன்னால் அவர் சொல்லிவிட்டார். தாளிலும் அதே இடத்தில் எஸ்1 என்று இருந்தது. படித்ததும் பார்த்ததும் ஒத்துப்போனதும் எனக்கு மனசு அடங்கிவிட்டது. அதே வரிசையில் நின்ற இன்னொரு வண்டியைக் கேட்டேன். "அது உங்களுக்கு வேண்டாம், உள் தகடு போய்விட்டது, வெல்டிங் போட்டு ட்ராக்கில் ஓட்டுகிற யாருக்காவது கொடுப்பேன்" என்றார். விற்க உட்கார்ந்திருப்பவர் வேண்டாம் என்று சொன்னால் அவரிடம்தான் வாங்க வேண்டும்டா.

அவருக்கு நான் கொடுத்த கமிஷன் முக்கியமாக இதற்குத்தான். ஏலத்துக்கு முன்னால் அவருடைய ஆள் கூடத்துக்குப் போய் வண்டிக்கு அடியில் படுத்துப் போட்டோ எடுத்து அனுப்புகிறார். மார்க்கை மட்டும் நம்பி அவர் பட்டன் அழுத்துவதில்லை. ஆர் போட்ட வண்டியைக்கூட எடுப்பாராம், ரேடியேட்டர் தாங்கும் சட்டம் மட்டும் சுத்தமாக மாற்றியிருந்தால். துருப்பிடித்த 4 மார்க் வண்டியை விட அது மேல் என்பது அவர் கட்சி. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. மாற்றிய சட்டம் கண்ணுக்குத் தெரியும், துரு உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? நேராக ஏலத்தில் எடுக்கிறவனுக்கு இந்தக் கண் கிடையாது. சுமார் இரண்டு மாதம் கப்பலில் வந்து சவுத்தாம்ப்டனில் இறங்கிய பிறகுதான் அவன் தன் வண்டியை முதல் தடவை பார்க்கிறான். அப்போது யாரிடம் போய்க் கேட்பது?

கிலோமீட்டர் கணக்கும் அப்படித்தான். ஜப்பானில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற அரசு சோதனைச் சான்றிதழில் மீட்டர் அளவைப் பதிகிறார்கள், பதிவு ரத்துப் பத்திரத்திலும் வரும். இவர் அந்தத் தாள்களை வரிசையாக மேஜையில் பரப்பினார். அந்தச் சோதனைச் செலவும், 13 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கு வரி ஏறுவதும் சேர்வதால்தான் அங்கே நல்ல வண்டிகளையும் ஜனங்கள் கைவிடுகிறார்கள். நமக்கு அதிர்ஷ்டம்.

இன்ஜினைப் பற்றி நீ கேட்பாய். பானெட்டுக்கு உள்ளே டைமிங் பெல்ட் மாற்றிய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, வருஷம் 24 என்று. அது அவர்கள் சக்கரவர்த்தி ஆட்சியை வைத்துப் போடும் ஹெய்செய் கணக்கு, அதாவது 2012. இதில் பெரிய பெல்ட்டோடு பேலன்ஸர் ஷாஃப்ட்டுக்கு ஒல்லியாக இன்னொரு பெல்ட் உண்டு. அது அறுந்து பெரிய பெல்ட்டில் சிக்கினால் வால்வு பிஸ்டனில் மோதும், இன்ஜின் காலி. அதனால் வண்டி என் பேருக்கு மாறியதும் முதல் வேலை இரண்டு பெல்ட்டும் மாற்றுவதுதான். இன்னொரு பயம் ஏ.ஒய்.சி., அதாவது பின் சக்கரம் இரண்டுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கிற அமைப்பு. அதன் ஹைட்ராலிக் பம்ப் போனால் பர்ஸ் காலி. பந்தயத்துக்கென்று வந்த ஆர்.எஸ். மாடலில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அதில் பெரும்பாலும் ஏசியும் இருக்காது. குளிர் ஊர் என்றாலும் எனக்கு ஏசி வேண்டும்.

வந்து இறங்கியதும் செய்கிற வேலைகள் வேடிக்கையாக இருக்கும். ஸ்பீடோ மீட்டர் மைல் கணக்குக்கு மாற வேண்டும். பின்னால் பனிமூட்ட விளக்கு ஒன்று கட்டாயம், அதற்கு வயர் இழுக்க வேண்டும். அந்தக் காலத்து ஜப்பான் எஃப்.எம். 76-லிருந்து 90 மெகா ஹெர்ட்ஸ் வரைதான், இங்கே 87.5-க்கு மேலே, அதனால் பழைய ரேடியோவில் பாதிக்கு மேல் ஸ்டேஷன் வராது. 180 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதபடி கம்பெனி வைத்த கட்டுப்பாடும் இருக்கிறது, அதை நான் தொடவில்லை. பத்து வருஷம் தாண்டிய வண்டி என்பதால் பெரிய ஒப்புதல் சோதனை கிடையாது, எம்.ஓ.டி. என்கிற வருடாந்திரச் சோதனை போதும். அங்கேயும் இங்கேயும் இடதுபக்கம் ஓட்டுவதால் ஹெட்லைட் பிரச்சினையும் இல்லை. அடிப்பக்கத்துக்கு மட்டும் அவர் சுத்தமாகக் கழுவிக் காயவைத்து, துருவைத் தேய்த்து எடுத்து, உள் குழிகளுக்குள் மெழுகு ஏற்றிக் கொடுத்தார். குளிர்காலத்தில் இந்த ஊர் ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். அப்படியே விட்டால் ஜப்பான் வண்டி சில வருஷத்தில் சல்லடை.

பெட்ரோல் விஷயத்தில் நீ சிரிப்பாய். ஜப்பான் உயர்ரக பெட்ரோலுக்கு டியூன் செய்த இன்ஜின் என்பதால் 97, 99 ஆக்டேன் மட்டும்தான் ஊற்றுகிறேன். சாதா 95 ஊற்றினால் நாக்கிங் வரும் என்று டீலர் சாவி கொடுக்கும்போதே சொல்லி அனுப்பினார். நம்ம ஊரில் சாதா பெட்ரோல் ரொம்ப நாள் 91-ஆக இருந்தது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

செலவுக் கணக்கு உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். கப்பல் செலவோடு வண்டி 20,000 பவுண்டு என்று வைத்துக்கொள். பொதுவான சுங்கவரி 10%, அதாவது 2,000. மொத்தம் 22,000-த்துக்கு மேல் 20% வாட், அது 4,400. இதெல்லாம் டீலர் சொன்ன விலைக்குள் அடக்கம். 30 வயதைத் தாண்டி, பெரிய மாற்றமில்லாமல் ஒரிஜினலாக இருக்கிற வண்டி என்றால் சுங்கவரி இல்லை, வாட் 5% மட்டும். நிசான் ஸ்கைலைன் ஆர்32 எல்லாம் இப்போது அந்த வழியில் வருகிறது. என் வண்டிக்கு 2029 வரை காத்திருக்க வேண்டும். ஆனால் அதற்குள் விலை எங்கே போய் நிற்குமோ. அமெரிக்காவில் 25 வருஷம் ஆன வண்டியைத்தான் தாராளமாக இறக்குமதி செய்ய விடுவார்கள். எவல்யூஷன் 6 அந்த வயதைத் தொட்டதும் ஏலத்தில் டாலர்க்காரர்களும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இன்சூரன்ஸுக்கு டிராக்கர் கட்டாயம் என்றார்கள். மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதிக்கொண்டேன், நம்ம ஊர் ஐ.டி.வி. மாதிரி வருஷா வருஷம் தேய்கிற கணக்கில்லை.

உன் கஸ்டமர் ஒருவர் இதே மாதிரி ஒன்றைக் கோவைக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டதாக எழுதியிருந்தாய். ஆசை காட்டாதே. மூன்று வயதுக்கு மேற்பட்ட பழைய காரை இந்தியாவுக்குள் சாதாரணமாகக் கொண்டுவர முடியாது, வரியும் வண்டி விலையை விழுங்கிவிடும். யாராவது பேப்பரெல்லாம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால் அவர் பக்கமே போக வேண்டாம் என்று சொல். அவருக்கு நிஜமாகவே ஆர்வம் இருந்தால், நல்ல நிலையில் இருக்கிற பழைய லான்சர் ஒன்றைத் தேடிப் பிடித்து நீயே செய்து கொடு. செட்டிபாளையம் ட்ராக்கில் அது போதும் அவருக்கு.

எனக்கு ஒரு உதவி. வருகிற மாதம் ஒரு சனிக்கிழமை பெல்ட் வேலையை டீலருடைய மெக்கானிக்கோடு சேர்ந்து நானும் செய்யப் போகிறேன், கூட நிற்க அனுமதி கொடுத்திருக்கிறார். டென்ஷனரை எப்படி செட் செய்வாய், பேலன்ஸர் ஷாஃப்ட் குறியைச் சரியாக வைத்தோமா என்று எப்படிச் சரிபார்ப்பாய் என்று விவரமாக எழுதி அனுப்பு. முடிந்தால் அன்றைக்கு உங்கள் ஊர் மதியம் மூன்று மணிக்கு போனைக் கையில் வைத்துக்கொள், வீடியோ கால் போடுகிறேன். அப்பா அம்மாவுக்கு என் வணக்கம். கவிதாவையும் பாப்பாவையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி