மாத்திரைக்கும் சேர்த்தே காப்பீடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மருத்துவக் காப்பீடு பற்றிய பேச்செல்லாம் எத்தனை லட்சம் கிடைக்கும் என்பதோடு நின்றுவிடுகிறது. உயர் ரத்த அழுத்தம் உள்ளவருக்கு அந்தப் பணம் எந்தக் கட்டத்தில் வந்து சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அளிக்கிறது; இதய அறுவைச் சிகிச்சைக்கும், சிறுநீரகம் செயலிழந்த பிறகு செய்யும் டயாலிசிஸுக்கும் அது பெருந்துணை. ஆனால், இதயத்தையும் சிறுநீரகத்தையும் அந்த நிலைக்குக் கொண்டுவருகிற ரத்தக்கொதிப்புக்கான அன்றாட மாத்திரைச் செலவு காப்பீட்டுக்குள் வருவதில்லை.

அரசு மருத்துவமனைகளில் மாத்திரை இலவசம்தான். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அதை வீட்டுக்கே கொண்டுவருவதும் பாராட்டத்தக்கது. ஆயினும் எங்கள் கடலூரில் சிப்காட் ஆலைகளில் ஷிப்டு பார்ப்பவர்களும், விடியுமுன் கடலுக்குப் போகிறவர்களும் புறநோயாளிப் பிரிவு நேரத்துக்குப் போக முடியாமல், மருந்துக்கடையில் ஓர் அட்டை மாத்திரை வாங்கி, தலைசுற்றல் நின்றதும் விட்டுவிடுகிறார்கள்.

தனியார் பாலிசிகளில் நிலைமை இன்னும் கவலைக்குரியது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு இழப்பீடு கிடைக்காத காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பு 2024இல் 48 மாதங்களிலிருந்து 36 மாதங்களாகக் குறைக்கப்பட்டது நல்ல மாற்றமே. இருந்தும், 'பிரஷர்' என்று ஒரு சீட்டில் எழுதிவிட்டால் பிரீமியம் கூடும் என்று அஞ்சி, பாலிசி கைக்கு வரும்வரை பரிசோதனையையே தள்ளிப்போடுகிறவர்களை நான் அறிவேன். நோயை மறைத்துப் பாலிசி எடுத்தவர்களுக்கோ, பின்னாளில் இழப்பீடு மறுக்கப்படும் அபாயம் இருக்கிறது. நோயை முன்கூட்டியே கண்டறியத் தூண்ட வேண்டிய காப்பீடு, கண்டறிவதற்கே தடையாகிறது.

அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 1970களில் தொடங்கிய மருத்துவக் காப்பீட்டு ஆய்வில், கட்டணமில்லாச் சிகிச்சை கிடைத்த ஏழை நோயாளிகளின் ரத்த அழுத்தம், செலவில் பங்கு கட்டியவர்களுடையதைவிடக் குறைந்தது. மருத்துவரை அடிக்கடி பார்த்ததால் நோய் கண்டறியப்பட்டதே இதற்கு முக்கியக் காரணம்.

எனவே, ஆண்டுக்கு இருமுறை ரத்த அழுத்தம், சிறுநீரகப் பரிசோதனைகளையும் மாத்திரைச் செலவையும் ஒவ்வொரு பாலிசியிலும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கட்டாயமாக்க வேண்டும். மாநில அரசும் தன் காப்பீட்டு அட்டையைக் காட்டினால் மருந்துக்கடையிலேயே இம்மாத்திரைகள் கிடைக்க வழிசெய்ய வேண்டும். அதைச் சிப்காட் பகுதியிலும் துறைமுகப் பகுதியிலும் முதலில் தொடங்கலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.