பாட்டியின் செம்பு அடுப்படியிலேயே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளி நெருங்க நெருங்க எங்கள் புளோக்கில், பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரருக்கு நல்ல வேட்டை. மின்தூக்கிக்குப் பக்கத்தில் பழைய சூட்கேஸ், கண்ணாடி உடைந்த போட்டோ பிரேம், குத்துவிளக்கின் அடிப்பாகம் என்று தினமும் ஏதாவது கிடக்கிறது. போன வாரம் ஓர் ஆட்டுக்கல்லின் குழவி மட்டும் தன்னந்தனியாக நின்றது, கல்லைக் காணோம், அதை யார் எப்படித் தூக்கிக்கொண்டு போனார்களோ தெரியவில்லை. ஓர் ஆண்டாகக் கை படாத பொருள் வீட்டில் இருக்கக் கூடாது என்று இளையவர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். என் மகளும் அதையேதான் சொல்கிறாள். எங்களைப் போன்றவர்களுக்கு உடனே கோபம் வந்துவிடும், "அது உங்க பாட்டியோடது, தொடாதே" என்று கத்துவோம். எனக்கு என்னவோ இந்தச் சண்டையில் பிள்ளைகள் பக்கமும் பாதி நியாயம் இருப்பதாகத்தான் தோன்றுகிறது. கை படாத பொருள் வீட்டில் இருக்கக் கூடாதுதான். அதற்காக எறிய வேண்டியதில்லை, எடுத்துப் புழங்கினால் போதும். "தொடாதே, தொடாதே" என்று நாமே சொல்லிச் சொல்லித்தான் அந்தப் பொருளை மின்தூக்கி வாசலுக்கு அனுப்புகிறோம்.

நம் வீடுகளில் பழைய பொருள்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். 1990களின் கடைசியிலிருந்து கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு என்றால் பாம் ஷெல்டர் என்கிற வீட்டுப் பாதுகாப்பு அறைக்குள் இருக்கும், கனமான இரும்புக் கதவைச் சாத்திவிட்டால் அதற்குள் ஒரு புழுக்கம். பழைய வீடு என்றால் சமையலறை அலமாரியின் உச்சித்தட்டு, இல்லையென்றால் கட்டிலுக்கு அடி. நம் சிங்கப்பூர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல், மூடிவைத்த எதையும் அது மெதுவாகத் தின்றுவிடும். பட்டுச்சேலையை ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் வைத்தால் மடித்த இடத்திலேயே இற்றுப்போகும், சரிகை கறுக்கும், அந்துருண்டையைச் சேலை மேலேயே போட்டு வைத்தால் கேட்கவே வேண்டாம். பொங்கலுக்கு ஒரு முறை, தீபாவளிக்கு ஒரு முறை எடுத்து உடுத்தி, காற்றாட விட்டு, வேறு மடிப்பில் மடித்து வைத்தால் அதே சேலை பேத்தி காலம் வரை வரும்.

நான் பிறந்து வளர்ந்தது நேவல் பேஸ். செம்பவாங் கடற்படைத் தளத்தில் அப்பா கப்பலுக்குச் சாயம் அடிக்கும் வேலை பார்த்தார். தொழிலாளர் குடியிருப்பில் தமிழரும் மலையாளிகளும் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தோம், மாலையில் எந்த வீட்டு மீன்குழம்பு என்று வாசத்தை வைத்தே சொல்லிவிடலாம், அவர்கள் குடம்புளி போடுவார்கள், எங்கள் வீட்டில் சாதாரணப் புளி. பள்ளி விட்டு வந்தால் பையனோ பெண்ணோ எல்லாரும் திடலில்தான். கோலி, ரப்பர் வளையம் கோத்துத் தாண்டுவது, அஞ்சாங்கல். அஞ்சாங்கல்லுக்கு அம்மா துணியில் சின்னச் சின்னப் பையாகத் தைத்து அரிசி போட்டுக் கொடுப்பார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் பச்சைப்பயறு போட்டது இருக்கும், எது நன்றாகக் கையில் நிற்கும் என்பதில் பெரிய வாக்குவாதமே நடக்கும். பங்குனி உத்திரம் என்றால் புனித மரம் பாலசுப்பிரமணியர் கோயில். கோயில் இப்போது ஈசூனில் இருக்கிறது, காவடியும் கூட்டமும் கொஞ்சமும் குறையவில்லை. 1968இல் தளத்துக் கப்பல் பட்டறை செம்பவாங் ஷிப்யார்டு ஆனது, 1971இல் வெள்ளைக்காரர்கள் கிளம்பினார்கள், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஆளுக்கு ஒரு பேட்டைக்குப் பிரிந்தோம். எங்களுக்கு ஆங் மோ கியோவில் மூவறை வீடு.

வீடு மாறும்போது அம்மா எதை விட்டாலும் அம்மியை விடவில்லை. அதை ஆறாம் மாடிக்கு ஏற்றியவர்கள் அப்பாவைத் திட்டிக்கொண்டேதான் ஏற்றினார்கள். முதல் தீபாவளிக்கு அம்மா மசாலா அரைக்க, கீழ்வீட்டுச் சீனப் பாட்டி சத்தம் தாங்காமல் மேலே வந்துவிட்டார். வந்தவர் அம்மியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், அம்மா கொடுத்த மசால்வடையை வாங்கிக்கொண்டு போனார், மறுநாளிலிருந்து அம்மா அம்மிக்கு அடியில் மடித்த சாக்கு போட்டுத்தான் அரைத்தார். இரண்டு பேருக்கும் பொதுவான மொழி என்று பார்த்தால் சந்தை மலாய் கொஞ்சம், அதுவும் அரைகுறை. ஆனாலும் பல ஆண்டுகள் பலகாரத் தட்டு மேலும் கீழும் போய்வந்தது.

சரி, செம்புக்கு வருகிறேன். அம்மா 1955இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினார். ரஜூலாவைப் பற்றி இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1926இல் கட்டிய கப்பல் அது, சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமாக 1970களின் தொடக்கம் வரை நம்மவர்களை ஏற்றி இறக்கியது. பின்னால் வந்த சிதம்பரம் கப்பல் 1985இல் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் பயணக் கதையே முடிந்தது. அம்மா கையில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் துணிமணி, ஊறுகாய் ஜாடி, கல்யாணச் சீராக வந்த பித்தளைச் செம்பு. செம்பின் கழுத்தில் அம்மாவின் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறார்கள். அந்தச் செம்பு இன்றைக்கு என் அடுப்படியில் இருக்கிறது, காட்சிப்பொருளாக இல்லை, அதில்தான் குடிக்கத் தண்ணீர் எடுத்து வைப்பேன், விசேஷ நாளில் அதுவே கலசம் ஆகும். மோர், ரசம் போன்ற புளிப்பு எதுவும் அதில் ஊற்ற மாட்டேன், ஈயம் பூசாத பித்தளையில் களிம்பு ஏறிவிடும், ஈயம் பூச இங்கே ஆள் பிடிப்பது பெரிய பாடு. வாரம் ஒரு முறை புளி போட்டுத் தேய்த்துக் கழுவுவது என் பேத்தியின் வேலை, அதற்குக் கூலி 50 காசு, இப்போது ஒரு வெள்ளி கேட்கிறாள். பாலர் பள்ளியில் எழுத்துக்கூட்டப் பழகியபோது அவள் முதலில் படித்த தமிழ்ப் பெயர்களில் செம்பில் இருந்த பெயரும் ஒன்று. கொள்ளுப்பாட்டியை அவள் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அவர் எந்த ஊர், எந்தக் கப்பலில் வந்தார், கப்பலில் வாந்தி எடுத்தாரா இல்லையா வரை எல்லாம் தெரியும். நான் பிடித்து உட்கார வைத்து எதையும் சொல்லவில்லை, தேய்க்கும்போது அவளே கேட்டதுதான். தகரப் பெட்டி தம்பி வீட்டில் டீப்பாயாக இருக்கிறது, மேலே டிவி ரிமோட், உள்ளே அவன் பேரனின் விளையாட்டுச் சாமான். அம்மா இருந்திருந்தால் பெட்டி மேல் காலைத் தூக்கி வைத்ததற்குத் தம்பியைத் திட்டியிருப்பார், மற்றபடி சந்தோஷம்தான் பட்டிருப்பார்.

பத்திரமாக மூடி வைத்தவை என்ன ஆயின தெரியுமா? ஊருக்கு அப்போதெல்லாம் நீல ஏரோகிராம்தான். பிறகு கேசட் வந்ததும் வீடே கூடி உட்கார்ந்து பேசிப் பதிவு செய்து, ஊருக்குப் போகிறவர் யாரிடமாவது கோடாலித் தைலத்தோடு சேர்த்துக் கொடுத்து அனுப்புவோம். அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு "இங்கு அனைவரும் நலம், அங்கு அனைவரின் நலமறிய ஆவல்" என்று கடிதம் வாசிப்பதைப் போலவே பேசுவார், அம்மாவுக்குப் பேச்சு தொடங்கும் முன்பே அழுகை வந்துவிடும், தம்பி நடுவில் புகுந்து பாட்டுப் பாடுவான். ஊரிலிருந்து வரும் கேசட்டில் அம்மாச்சியின் குரலுக்குப் பின்னால் ஆடு கத்துவதுகூடக் கேட்கும். அந்தக் கேசட்டுகளை அம்மா பெரிய பிஸ்கட் டின்னில் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, மேல்தட்டில் ஏற்றிவிட்டார். அம்மா போன பிறகு திறந்து பார்த்தால் நாடாவெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. தப்பியது ஒன்றே ஒன்று. அப்பா அடிக்கடி போட்டுக் கேட்டு ரேடியோவுக்குப் பக்கத்திலேயே போட்டு வைத்திருந்த கேசட் அது, கவரும் கிடையாது, மூலையில் விரிசல் வேறு. அதை இப்போது கைப்பேசிக்கு மாற்றிக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறோம்.

"எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டேன், கிளவுடில் இருக்கிறது" என்று பெருமையாகச் சொல்கிறவர்களும் உண்டு. செய்யுங்கள், நல்லதுதான். கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், பதில் வராது. அதுவும் ஒரு பாம் ஷெல்டர்தான், கதவு கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

அம்மா போனபோது நகையைப் பிரிப்பதில் எங்களுக்குள் ஒரு சண்டையும் இல்லை, நிறுத்துப் பார்த்துப் பிரித்துக்கொண்டோம். சண்டை வந்தது பித்தளை முறுக்கு அச்சுக்கு. மூத்தவள் என்று அக்கா கேட்டார். கடைசிக் காலத்தில் அம்மா என்னோடு இருந்தார் என்று நான் கேட்டேன். தம்பிக்கு முறுக்குச் சுடவே தெரியாது, அவனும் கேட்டான். கொஞ்ச நாள் பேச்சுவார்த்தைகூட நின்றுபோனது. கடைசியில் அக்காவின் வீட்டுக்காரர்தான் ஒரு வழி சொன்னார்: அச்சு யாருக்கும் சொந்தம் இல்லை, ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒவ்வொரு வீடு, அச்சு எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டில்தான் எல்லாருக்கும் முறுக்கு. அன்றிலிருந்து தீபாவளிக்கு முந்தைய வாரம் மூன்று குடும்பமும் ஒரே வீட்டில் கூடுகிறோம். மாவு பதம் சரியில்லை என்று அக்கா குறை சொல்வார், மருமகப்பிள்ளைகள் பிழிவார்கள், சின்னதுகள் எண்ணெய்ச் சட்டிப் பக்கம் வராமல் விரட்ட ஒருவர் தனியாக வேண்டும். அச்சை யாராவது ஒருவர் எடுத்துப் பூட்டி வைத்திருந்தால் இந்த ஒன்றுகூடலே கிடையாது, தீபாவளிக்கு முறுக்கைக் கடையில் வாங்கியிருப்போம்.

காகிதம் வேறு சமாசாரம். அதைப் புழங்கச் சொன்னால் கிழித்துவிடுவோம். அப்பாவின் குடியுரிமைச் சான்றிதழ் எங்களிடம் இருக்கிறது. 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்த சமயம், பதிந்துகொள்ளுங்கள் என்று தமிழ் முரசு ஆசிரியர் தமிழவேள் கோ. சாரங்கபாணி நம்மவர்களிடம் விடாமல் எடுத்துச் சொன்ன காலம். அதன் நகலைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன், அசலை மடிக்காமல் தனி உறையில் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் நகலைப் பார்த்துத்தான் கேள்வி கேட்கிறார்கள். போட்டோக்களுக்கும் இதே ஏற்பாடுதான். 1970களிலும் 80களிலும் வாங்கிய ஒட்டும் ஆல்பங்கள் இருந்தால் தயவுசெய்து படங்களை வெளியே எடுங்கள், அந்தப் பசை மஞ்சளாகிப் படத்தையும் கெடுக்கும். வராத படத்தை நகத்தால் கிள்ளாதீர்கள், பல்லிடுக்கில் விடும் நூலை அடியில் விட்டு மெதுவாக அறுத்தாற்போல் இழுத்தால் வந்துவிடும். பின்பக்கம் மெல்லிய பென்சிலால் பெயர் எழுதுங்கள், பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் தெரியும். பெயர் எழுத இப்போதே பெரியவர்களைப் பிடியுங்கள். எங்கள் ஆல்பத்தில் சிராங்கூன் சாலை ஸ்டூடியோவில் எடுத்த ஒரு படத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் கோட்டு போட்ட ஒருவர் ஜம்மென்று நிற்கிறார், யார் என்று சொல்ல ஒருவரும் மிச்சமில்லை.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை, மூவறை வீட்டில் அது நடக்கிற காரியமும் இல்லை. எங்கள் அம்மியும் இப்போது எங்களிடம் இல்லை, அதை ஆசையாகக் கேட்டு வாங்கிப் போன தெரிந்தவர் வீட்டில் இன்றைக்கும் சட்னி அரைபடுகிறது. 2015இல் கேம்பல் லேனில் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறதே என்று சிலர் சொல்லலாம். அங்கே போங்கள், பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள், நானும் போயிருக்கிறேன். ஆனால் எல்லார் வீட்டுச் செம்பையும் அங்கே கொண்டுபோய்க் கொடுக்க முடியாது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் செம்பைப் புளி போட்டுத் தேய்க்கவும் முடியாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை இதழில் சின்னதாக ஓர் இடம் ஒதுக்குங்கள். இன்னும் கையில் புழங்கும் பழைய பொருள் ஒன்று, படத்தோடு, யாருடையது, இப்போது எதற்குப் பயன்படுகிறது என்று நாலு வரி. வாசகர்கள் கட்டாயம் எழுதுவார்கள். பள்ளிப் பிள்ளைகளை எழுதச் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும், அவர்கள்தான் தாத்தா பாட்டியிடம் கூச்சமில்லாமல் கேட்பார்கள். எங்கள் வீட்டிலிருந்து செம்பின் படத்தை அனுப்பத் தயாராக இருக்கிறேன். முறுக்கு அச்சை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், இந்த ஆண்டு அது தம்பி வீட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆங் மோ கியோ